விமானம் உடைக்காத மூக்கு

அந்தப் பயிற்சி விமானத்து வாத்தியாரின் மூக்கை உடைத்தது விமானம் இல்லை. நான்தான். முன்பல் இரண்டு போனதும் என்னால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆனது. அதற்குள் அந்த மனிதரின் பிழைப்பே போகப் பார்த்தது.

நான் தண்ணி லாரி ஓட்டுகிறவன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அந்த மூன்றாம் வகுப்பையே இரண்டு முறை படித்தேன், அதனால் என்னை நாலாம் வகுப்பு என்றுகூடச் சொல்லலாம். ஒரகடம் பக்கத்துக் கம்பெனி கேன்டீன்களுக்கும், தெற்கே இருந்து வேலைக்கு வந்த பையன்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல்களுக்கும் தண்ணீர் கொண்டுபோவது வேலை. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்க். லாரி முதலாளியுடையது. கிளீனர் என் மச்சான், அதாவது என் பெண்டாட்டியின் அண்ணன். வயது நாற்பத்தைந்து. கிளீனர் என்றால் எதையாவது துடைப்பார் என்று நினைக்க வேண்டாம். வாயை மட்டும் துடைப்பார், சாப்பிட்ட பிறகு.

எங்கள் ரோட்டில் விபத்து நடந்தால் அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பை வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் முதலில் வண்டிச் சாவியைப் பிடுங்கும். பிறகு ஒருவன், "டிரைவர் யாரு?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வருவான். அதற்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. கேட்கிறவன் அடிக்க வருகிறான், அவ்வளவுதான். தப்பு யார் மேல் என்பதெல்லாம் அடித்து முடித்து டீ குடிக்கும்போது பேசுவது.

நான் இப்படி இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் முறை குன்றத்தூர் போகிற வழியில். ஒருவன் பைக்கில் வந்து, நின்றுகொண்டிருந்த என் லாரியின் பின்டயரில் தானாக மோதினான். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்குக் கடைவாய்ப்பல் இரண்டு போனது. இரண்டாம் முறை நான் வண்டியே ஓட்டவில்லை, டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். "தண்ணி லாரி டிரைவர் யாரு?" என்று ஒருவன் கேட்டான். ஏதோ லோடு கிடைக்கப்போகிறது என்று நான் பெருமையாகக் கையைத் தூக்கினேன். இடித்தது வேறு தண்ணி லாரி. அது தெரியவரும்போது எனக்கு ஒரு விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது.

அதன்பிறகு நானும் மச்சானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எதன் மேலாவது இடித்தால் மச்சான் சாவியை உருவிக்கொண்டு ஓடிவிட வேண்டும். சாவி இல்லாமல் லாரியை யாரும் கொண்டுபோக முடியாது. நான் அங்கேயே நின்று அடி வாங்க வேண்டும். யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொடுத்தது மச்சான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். சேரப்பணஞ்சேரி பக்கம் வயலை மேடாக்கிப் போட்ட ஒரு லேஅவுட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். பெரிய ஆர்ச், கலர் கொடி, முப்பதடி தார் ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல். வீடு ஒன்றுகூடக் கிடையாது. அந்த ரோடு முடிகிற இடத்தில் மனைக்காரர் போட்ட போர் இருக்கிறது. அதிலிருந்துதான் நாங்கள் தண்ணீர் எடுப்போம்.

டேங்க் நிரம்பி மூடியைப் போட்டேன். கீழே இறங்கிப் பார்த்தால் முப்பது நாற்பது பேர் கையில் கட்டையோடு நிற்கிறார்கள். முன்னால் ஒரு அம்மா. பக்கத்து வயல்காரி. நாலு மாடு, அரை ஏக்கர் கத்திரிக்காய். என்னைவிட மூத்தவள், என்னைவிட அகலம். நான் யக்கா என்று கூப்பிடுவேன், அது அவளுக்குப் பிடிக்காது.

"டேய் தண்ணி லாரி, இங்க வாடா. எங்க கெணறு தரையத் தொட்டுடிச்சு. நீ இன்னாடா தெனிக்கும் எட்டு லோடு உறிஞ்சிக்கினு போற?"

"யக்கா, நான் கூலிக்கு ஓட்றவன். மனைக்காரர்கிட்ட போய்க் கேளு."

"அந்த ஆளு கார்ல கண்ணாடிய ஏத்திக்கினு பூட்றான். நீதான் கைக்கு எட்ற."

கைக்கு எட்டியது உண்மைதான். கன்னத்தில் விழுந்தது. பல் இல்லாத பக்கம் என்பதால் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

"யக்கா, பொம்பளையாச்சேன்னு பாக்கறேன்."

"பாரு, நல்லாப் பாரு" என்று இன்னொன்று வைத்தாள். பின்னால் இருந்தவர்களில் ஒருவன் என் காலில் கட்டையால் போட்டான். நான் லாரியின் முன் பம்பரில் சாய்ந்தேன். மச்சான் எங்கே என்று பார்த்தேன். கேபினுக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அறைக்குத் தூக்கிய யக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன விமானம் எங்களுக்குப் புதிது இல்லை. பறக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் அவ்வப்போது தலைக்கு மேலே சுற்றுவார்கள். மாவு மில் மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். அன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. மழையில் நனைந்த மொபெட் மாதிரி இரண்டு இருமல், பிறகு ஒன்றுமில்லை. முன்னால் விசிறி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஆர்ச்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொடிக்கயிற்றை அறுத்துக்கொண்டு, விமானம் நேராக எங்கள் தார் ரோட்டுக்கு வந்தது. மேலிருந்து பார்த்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நேராகவும் காலியாகவும் இருக்கும் ரோடு அது ஒன்றுதான் என்று பிற்பாடு சொன்னார்கள். என் லாரி நிற்பது மேலிருந்து தெரிந்ததா, தெரிந்தும் வேறு வழி இல்லையா, அதை நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையை நான் விட்டுவைக்கவில்லை.

சக்கரம் தாரில் அடித்து எழும்பியது. மறுபடி அடித்தது. றெக்கை இரண்டும் மனைக்கற்களுக்கு மேலேயே வந்தன. பிரேக் போட்டிருக்க வேண்டும், டயர் கிறீச்சிட்டுப் புகைந்தது. ஜனங்கள் கட்டையைப் போட்டுவிட்டு வயலுக்குள் குதித்தார்கள். நானும் யக்காவும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தபடி பம்பருக்கு அடியில் விழுந்தோம். அந்த நேரத்தில் அவள்தான் என்னைப் பிடித்தாள் என்று நான் சொல்வேன். நான்தான் பிடித்தேன் என்று அவள் சொல்வாள்.

இடது றெக்கை என் டேங்கின் பின்முனையில் அடித்தது. லாரி மொத்தமும் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. றெக்கை தகரம் கிழிகிற மாதிரிக் கிழிந்து மடங்கியது. விமானம் அப்படியே திரும்பி, இடது விலாவோடு வந்து என் பின்சக்கரத்தில் மோதி ஒட்டிக்கொண்டு நின்றது. விசிறி உடைந்து ஒரு துண்டு பறந்துபோய் ஒரு மனைக்கல்லைப் பாதியாக வெட்டியது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் ஒரு நிமிடத்துக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஏதோ சொட்டுகிற சத்தம் மட்டும். பெட்ரோல் வாசனை.

இந்த இடத்தில் மச்சான் தன் கடமையைச் செய்தார். எத்தனையோ வருடத்தில் முதல் முறையாகச் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்தார். சாவியை உருவினார், கேபினிலிருந்து குதித்தார், கைலியைத் தூக்கிக் கட்டினார், கத்திரிக்காய் வயலுக்குள் ஓடினார். அவர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று அவர் தங்கைக்கே தெரியாது.

விமானத்தின் வலது கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் கறுப்புப்பட்டை போட்ட ஒருவர் குதித்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு கீறல் இல்லை. மூக்கு முழுசாக இருந்தது, பல் முழுசாக இருந்தது. நான் நன்றாகப் பார்த்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு எல்லாம் அதில்தான் வந்து நின்றது.

அவர் லாரியின் முன்பக்கம் பார்த்து ஓடி வந்தார். "லாரி டிரைவர் யாருங்க? டிரைவர் யாருங்க?"

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அந்த நேரத்திலும் 'ங்க' போட்டுத்தான் கேட்டார். என் காதில் 'ங்க' விழவில்லை. 'டிரைவர் யாரு' மட்டும் விழுந்தது. ஏற்கனவே இரண்டு அறை, ஒரு கட்டை அடி வாங்கி நிற்கிறேன். மூன்றாவது ஊர்க்காரனாக ஆகாயத்திலிருந்து ஒருவன் இறங்கி வந்து என்னை அடிக்கப்போகிறான் என்றால், இந்தத் தடவை நான் முந்திக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. கை போய்விட்டது.

மூக்கில் விழுந்தது. கிழங்கை மிதித்த மாதிரி ஒரு சத்தம். அவர் உட்கார்ந்தார். உடனே எழுந்து என் சட்டையைப் பிடித்தார். அடிப்பதற்காகப் பிடிக்கவில்லை, விழாமல் இருக்கப் பிடித்தார். ரத்தம் வாய்க்குள் போக, என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "உள்ள புள்ள சிக்கிக்கிச்சுங்க. கதவு உங்க லாரில மாட்டியிருக்குது. லாரிய நகத்துங்க."

நான் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

அப்புறமும் ஒரு அடி அடித்தேன். வாயில்.

அவருடைய பல் என் விரல் முட்டிக்குள் இறங்கியது. நான் கையை உதறினேன். அவர் விழுந்தார். எங்கள் பக்கம் ஒருவன் விழுந்துவிட்டால் அப்புறம் அவன் பொதுச் சொத்து. நாலைந்து பேர் வயலிலிருந்து ஏறி, எனக்காகக் கொண்டுவந்த கட்டைகளை மறுபடி பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். "ஓடப் பாக்கறான்டா, வுடாத!" ஒருவன் முதுகில் போட்டான். இன்னொருவன் இடுப்பில் உதைத்தான். யார் எதற்கு அடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊரே செத்திருக்கும் என்கிற பயம் எல்லோருக்கும் கையில் வந்து நின்றது. அவர் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "தள்ளுங்க, லாரிய, லாரிய" என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நிறுத்தியது யக்காதான். அவள் விமானத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போயிருந்தாள். திறந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அடப் பேமானிங்களா! உள்ள ஒரு பொண்ணு கீதுடா! மேல பெட்ரோல் ஊத்துதுடா!"

கட்டைகள் நின்றன. நான் கேபினுக்கு ஓடினேன். சாவித் துவாரம் காலியாக என்னைப் பார்த்தது.

"மச்சான்! சாவிய குடுய்யா! யோவ் மச்சான்!"

வயலில் தூரத்தில் ஒரு கைலி போய்க்கொண்டிருந்தது. நான் கத்தியதும் அது திரும்பிப் பார்த்தது. பின்னால் கூட்டமும் நானும். கூட்டம் என்னைப் பிடித்துவிட்டது, அடுத்து தன்னைத்தான் என்று நினைத்து அது இன்னும் வேகமாக ஓடியது. நான் ஒரு கல்லை எடுத்து வீசினேன். இருபதடி தள்ளி விழுந்தது.

கீழே கிடந்த வாத்தியார் முழங்கையை ஊன்றி எழுந்தார். "சாவி வேண்டாமுங்க. செல்ஃப் அடிச்சா பொறி பறக்கும். எல்லாரும் போயிருவோமுங்க. நியூட்ரல் பண்ணித் தள்ளுங்க." பல் இல்லாததால் வார்த்தை காற்றோடு வந்தது. எனக்கு அந்தப் பாஷை பழக்கம், பல் போன புதிதில் நானும் அப்படித்தான் பேசினேன்.

சாவி மட்டும் என் கையில் இருந்திருந்தால் நான் யோசிக்காமல் செல்ஃப் அடித்திருப்பேன். அந்தப் பெண், யக்கா, நாற்பது பேர், நான், எல்லோரும் மச்சானின் பயத்தால் உயிரோடு இருக்கிறோம். அதை அவர் இன்றைக்கும் என் வீட்டில் சோறு சாப்பிடும்போது ஞாபகப்படுத்துகிறார்.

ஹேண்ட் பிரேக்கை இறக்கி நியூட்ரலில் போட்டேன். பெட்ரோலைக் கழுவிவிடலாம் என்று நானே ஒரு மூளையைப் பயன்படுத்திப் பின்வால்வையும் திறந்துவிட்டேன். அதன் பலன் பிறகு வரும். என்னை அடிக்க வந்த நாற்பது பேரும் டேங்கில் தோளைக் கொடுத்தார்கள். "ஏலேலோ எல்லாம் வாணாம், தள்ளுங்கடா!" என்று யக்கா ஒரு அதட்டல் போட்டாள். லாரி முனகியது. விமானத்தின் தகரம் என் சக்கரத்திலிருந்து பிய்ந்து வரும்போது எழுந்த சத்தம் பல்லுக்குள் இறங்கியது. எனக்கு இருக்கிற பல்லுக்குள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் முதல் முறையாக அந்தப் பெண் அலறியது கேட்டது. அப்போதுதான் அவள் உயிரோடு இருப்பதே தெரிந்தது.

நாலடி நகர்ந்தது. இடது கதவு நசுங்கிப்போய் இருந்தது. ஜாக்கி லிவரைக் கொடுத்து நெம்பினேன். கையில் முட்டி பிளந்திருந்ததால் லிவர் ரத்தத்தில் வழுக்கியது. கதவு பாதி வந்தது, மீதியை இரண்டு பேர் காலால் உதைத்துப் பிய்த்தார்கள். உள்ளே இருபது வயதுப் பெண். கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். அவளுடைய இடது கால், மிதிக்கிற கட்டைக்கும் மடங்கிய தகரத்துக்கும் நடுவில் கணுக்கால் வரை போயிருந்தது. மேலே கிழிந்த றெக்கையிலிருந்து பெட்ரோல் அவள் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

வாத்தியார் வலது பக்கம் ஏறி உள்ளே வந்தார். அவர் மூக்கு ரத்தமும் அவள் மேல் சொட்டியது. "பாப்பா, வலிக்கும். கத்திக்க. பாத்துக்கலாம்." என்னைப் பார்த்து, "லிவரைக் கீழ கொடுங்க. நான் சொன்னதும் மிதிங்க" என்றார்.

அவர் சொன்னார். நான் மிதித்தேன். கால் வந்தது. எலும்பு முறிகிற சத்தமும் வந்தது. அவள் கையில் கிடைத்த முதல் ஆளை ஓங்கி அறைந்தாள். அது நான். அன்றைக்கு அது மூன்றாவது அறை. யக்கா அவளை இடுப்பில் பிடித்து, கன்றுக்குட்டியைத் தூக்குகிற மாதிரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குள் ஓடினாள். நாங்களும் ஓடினோம். வாத்தியார் கடைசியாக வந்தார்.

முப்பதடி போயிருப்போம். குப்பென்று தீப்பிடித்தது.

நான் திறந்துவிட்ட வால்வை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும் என்பது மூன்றாம் வகுப்பில் வரவில்லை, அல்லது நான் லீவு போட்ட அன்றைக்கு வந்திருக்கும். நான் கழுவிவிட்ட பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து லாரிக்கு அடியில் எல்லா டயருக்கும் போயிருந்தது. நெருப்பும் அதே வழியில் நிதானமாகப் போனது. முதலில் விமானம், பிறகு டயர், பிறகு கேபின். டேங்க் மட்டும் உள்ளே பாதித் தண்ணீரோடு நடுவில் நின்றது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எரிந்துபோன ஒரே தண்ணி லாரி என்னுடையதுதான். பிள்ளைப்பாக்கம் டீக்கடையில் இன்றைக்கும் நான் பீடி பற்ற வைத்தால், "யோவ், தண்ணி பக்கத்துல வாணாம்" என்று தம்ளரை நகர்த்திக்கொள்கிறார்கள்.

போலீஸ் வந்தது. எஸ்.ஐ. வாத்தியாரைப் பார்த்தார். மூக்கு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். "மூஞ்சில இன்னா சார் இப்படி?"

நான் பக்கத்தில் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தேன். வாத்தியார் என்னை ஒரு முறை பார்த்தார். "எறக்கும்போது முன்னாடி மோதிக்கிச்சுங்க" என்றார்.

நல்ல மனிதர் என்று நினைத்தேன். அதோடு அவரை மறந்துவிட்டு, நானே நல்ல மனிதராக மாறிவிட்டேன். மைக்கோடு வந்தவர்களிடம் பெண்ணைக் காப்பாற்றிய டிரைவர் என்று பேசினேன். மச்சானும் பேசினார், தீப்பிடிக்கக் கூடாது என்று திட்டம் போட்டுச் சாவியை அப்புறப்படுத்தியதாக. கை வீங்கிப் பூசணி மாதிரி ஆனது. டாக்டர் முட்டியைப் பார்த்து, "என்ன கடிச்சுது?" என்று கேட்டார். நாய் என்றேன். நாய் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். "கீது சார், ஆஸ்பத்திரில" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாய்க்கடி ஊசி முழுவதும் போட்டார்கள். மனிதனைக் குத்தி நாய்க்கடி ஊசி வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பதினோராவது நாள், விமான விபத்தை விசாரிக்கிற அதிகாரிகள் இரண்டு பேர் லேஅவுட்டுக்கு வந்து, பார்த்தவர்களைக் கூப்பிட்டார்கள். டேப் பிடித்து டயர்த் தடத்தை அளந்தார்கள். இன்ஜின் ஏன் நின்றுபோனது என்று ஊர்க்காரன் ஒருவன் கேட்டான். "இன்னும் தெரியல. பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான்னும் பாக்கறோம்" என்றார் பெரிய அதிகாரி. நாற்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பிறகு அவர் என்னிடம் கேட்டார். "விமானம் நின்னதும் இன்ஸ்ட்ரக்டர் இறங்கி வந்தாரே, அப்ப முகத்துல அடி இருந்துச்சா?"

"இருந்திருக்கும் சார். ஏன் சார்?"

"தோள் பெல்ட் போட்டிருந்தா முகம் முன்னாடி மோதாது. மோதிச்சுன்னு அவரே சொல்றார். அப்ப பெல்ட் போடல. கத்துக்கொடுக்கிற ஆளே பெல்ட் போடலைன்னா அவர் லைசென்ஸ் நிக்காது. பெல்ட்டும் எரிஞ்சுபோச்சு, பாக்க வழியில்ல."

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது சார்?"

"போட்டிருந்தார்னுதான் சொல்லுது. ஸ்டூடன்ட் வாத்தியாரை விட்டுக்கொடுக்குமா?"

மச்சான் என் இடுப்பில் கிள்ளினார். "வாய மூடிக்கினு வா மாப்ள. அந்த ஆளே சொல்லல. உனுக்கு இன்னா வந்துச்சு?" யக்கா எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் அடி விழும்போது அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு வருவது எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். லாரி போய்விட்டது, வேலை போய்விட்டது, கேஸ் வேறு எதற்கு? ஆனால் ஒன்று இடித்தது. டீக்கடையில் யாரோ செய்ததற்கு நான் விலா எலும்பைக் கொடுத்தேன். அன்றைக்கு அங்கே நின்ற ஒருவன், இடித்தது இவன் இல்லை என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரியும். வடையைத் தின்றுகொண்டு பார்த்தான். அந்த வடைக்காரனை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பேண்டேஜைப் பிரித்துக் கையை நீட்டினேன். முட்டிக்கு மேல் இரண்டு பல் பதிந்த தழும்பு, பிறை மாதிரி.

"பெல்ட்டு போட்டிருந்தாரு சார். இறங்கி வரும்போது மூஞ்சி முழுசா இருந்துச்சு. இது அவுரு பல்லு. நான்தான் குத்துனேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மச்சான் மறுபடி ஓடத் தயாராகக் கைலியைத் தூக்கினார்.

"எதுக்கு அடிச்சே?"

"டிரைவர் யாருன்னு கேட்டுக்கினு வந்தாரு சார். எங்க பக்கம் அப்படிக் கேட்டா அடிக்க வரான்னு அர்த்தம். முந்திக்கினேன்."

அவர் எழுதிக்கொண்டார். எழுதும்போதே கேட்டார். "ஒரே குத்தா?"

"ஒன்னுதான் சார்."

பேனா நின்றது. "ஒரு குத்துல மூக்கும் உடையுமா, கீழ ரெண்டு பல்லும் போகுமா?"

யக்கா என்னையே பார்த்துக்கொண்டு கையைக் கட்டியபடி நின்றாள்.

"ரெண்டு சார்."

"ரெண்டாவது எதுக்கு?"

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் இருக்கும். அதற்கு இல்லை.

"தெரியல சார்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. தன் பங்குக்கு ஒன்று கொடுத்தார், ஹீரோ என்று பேட்டி கொடுத்ததற்குத் தனியாக ஒன்று கொடுத்தார். மதியம் வாத்தியார் ஸ்டேட்மென்ட் கொடுக்க வந்தார். மூக்கில் பஞ்சு, வாயில் பல் இல்லை. எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லவில்லையாம். கூட்டம் அடித்தது என்று சொன்னால் மொத்த ஊர் மேலும் கேஸ் ஆகும், அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மா மேலும் ஆகும், அதனால்தானாம். அந்தப் பெண்ணின் காலில் தகடு வைத்திருக்கிறார்கள், நடப்பாள் என்றார்.

பிறகு என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். "மொதல் அடி சரிங்க, புரிஞ்சுது. உள்ள புள்ள இருக்குதுன்னு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுங்களா?"

எஸ்.ஐ. பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல ஒரு தலையாட்டல் போதும்.

"விழுந்துச்சு சார்."

அவர் காகிதத்தை இழுத்தார், இரண்டு அடி என்று எழுதியிருந்த இடத்தைப் படித்துப் பார்த்தார், அடியில் கையெழுத்துப் போட்டார். கேஸ் வேண்டாம் என்று எழுதவில்லை. என்னைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, பழக்கம்தான் போல, "வரேனுங்க" என்றார்.

அவர் லைசென்ஸ் போகாமல் நின்றது. எனக்கு ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் அடுத்த வாய்தா வரப்போகிறது. இப்போது வேறு முதலாளியின் லாரி ஓட்டுகிறேன். மச்சான் அதே மச்சான்தான். ஒரே ஒரு மாற்றம், சாவி என்னிடம் இருக்கிறது.